பத்துக்கு முந்தின ஒம்பது

2018 அக்டோபரில் ஒரு ராத்திரி. மும்பை ஹை எண்ணெய் வயலில் சரக்கு இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சப்ளை கப்பலில் நான் செகண்ட் ஆபீசர். பன்னிரண்டிலிருந்து நாலு வரை என் வாட்ச். கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் நானும் ஒரு சுக்கானியும் மட்டும். ரேடார் திரையில் மீன்பிடிப் படகுகள் கடுகைச் சிதறவிட்டதுபோலக் கிடந்தன. ஜூலை 31-ஓடு தடைக்காலம் முடிந்துவிட்டால் அந்தக் கடல் அப்படித்தான் இருக்கும். குஜராத், கொங்கண், கேரளம், குமரி என்று எல்லாக் கரைப் படகும் அங்கே வந்துவிடும். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனல் ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் என்று உலகம் முழுக்க ஒதுக்கியது. அங்கேயோ விடிய விடிய நாலு மொழியில் பேச்சு ஓடும். எந்தப் பாறைத் திட்டில் மீன், கரையில் என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம் என்று. ஆபீசர்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார்கள். அன்று நானும் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.

இரண்டே கால் மணி இருக்கும். இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல். "சாரே, ஆராவது கேக்குறீங்களா? தொந்தரவு பண்ணுறேன்னு நெனைக்கப்பிடாது. போட்டுல வெள்ளம் கேறுது." எனக்கு உடனே பிடிபடவில்லை. நான் தாராவியில் வளர்ந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் காதுக்கு வெள்ளம் என்றால் 2005 ஜூலை 26, வீட்டுக்குள் இடுப்பளவு நின்ற தண்ணீர். நடுக்கடலில் என்ன வெள்ளம்? பிறகுதான் உறைத்தது. குமரி மேற்குக் கரைக்காரர்களுக்குக் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்கிறார்.

சத்தத்தைக் கூட்டினேன். ஸ்குவெல்ச் திருகைத் தளர்த்தினேன். அதைத் தளர்த்தினால் இரைச்சல் பெருகும், ஆனால் அதுவரை செட் வடிகட்டித் தள்ளிக்கொண்டிருந்த பலவீனமான குரலும் உள்ளே வரும். மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். "அண்ணே, கேக்குது. என்னாச்சு?" என்றேன்.

அந்த 'என்னாச்சு'தான் இத்தனை வருஷமாக எனக்குள் குத்திக்கொண்டிருக்கிறது.

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஒரு தமிழ்க் குரல் கிடைத்த நிம்மதி அவர் பேச்சிலேயே தெரிந்தது. "அண்ணா, தமிழா நீங்க? நாங்க குளச்சல்லேருந்து எறங்கிப் பன்னெண்டு நாளாச்சு. நேத்தைக்கே மெஷின்ல ஒரு சத்தம் கேட்டுது. டிரைவர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னான். சாயங்காலம் பம்பு நின்னுபோச்சு..." கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பேசினார். 16-ஆம் சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. அவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நான் எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது. கேள்வி கேட்டவன் நான்; பதில் முடியும்வரை கட்டுண்டு நிற்கவேண்டியவனும் நான்தான். அதற்குள் இன்னொரு கையால் கேப்டன் அறைக்கு போன் போட்டிருந்தேன். அவர் பஞ்சாப்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. தூக்கம் கலையாத முகத்தோடு ஏறி வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்ட முதல் சொல், "பொசிஷன்?"

என்னிடம் பதில் இல்லை.

கெளம்பி வா

அன்றைக்கு நான் ஏன் 'என்னாச்சு' என்று கேட்டேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கப்பல்களின் ஆபத்துத் தொடர்புக்கான உலகளாவிய முறையான ஜி.எம்.டி.எஸ்.எஸ். பரீட்சையில் தேறியவன். ஆபத்து அழைப்பின் வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன். எதிர்க்குரல் ஆங்கிலத்தில் வந்திருந்தால் முதல் கேள்வியாக இடத்தைத்தான் கேட்டிருப்பேன், சந்தேகமே இல்லை. குரல் தமிழில் வந்ததும் நான் ஆபீசராக இல்லாமல் வீட்டு மனிதனாகிவிட்டேன். வீட்டில் ஒருவர் கலங்கி நின்றால் நாம் கேட்பது 'என்னாச்சு'. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பதுதான் நமக்கு மரியாதை.

கெட்ட செய்தியை நாம் நேராகச் சொல்வதும் இல்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தொண்ணூறு அடி ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான், ஊரிலிருந்து போன் என்று. அப்பா போய்விட்டு வந்தார். "தாத்தாவுக்குக் கொஞ்சம் சொகமில்லையாம். கெளம்பி வரச் சொல்றாங்க" என்றார். சொல்லிக்கொண்டே டிரங்குப் பெட்டியைத் திறந்து வெள்ளை வேட்டியை எடுத்தார். அம்மா அந்த வேட்டியைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். தாதரில் ரயில் ஏறும்வரை 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. சித்தப்பாவின் குரல், தாத்தாவின் வயது, ராத்திரி வந்த போன் எல்லாம் சேர்ந்து அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டன. கேட்கிறவருக்கு வீடு தெரியும், ஆள் தெரியும், நோய் தெரியும். அதனால் சொல்கிறவர் சுற்றி வளைக்கலாம். அதில் ஒரு கருணை இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

கடலில் கேட்கிறவனுக்கு எதுவும் தெரியாது. பன்னிரண்டு நாள் தங்கல் தெரியாது, டிரைவர் தெரியாது. இருட்டில் எங்கோ ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரலைப் பற்றி அவனுக்கு முதலில் தெரியவேண்டியது அது எங்கிருந்து வருகிறது என்பது. மற்ற எதையும் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய ரேடியோ ஆபீசர். மாட்டுங்காவில் வீடு. கப்பல்காரர்கள் அந்தக் காலத்தில் அவர்களை மார்க்கோனி சாப் என்பார்கள். மோர்ஸ் தந்தி தட்டியே வாழ்க்கையை ஓட்டியவர். 1999 பிப்ரவரி 1-இல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் கப்பல்களில் அந்த வேலையே இல்லாமல் போனது. பிறகு வாஷியில் ஒரு பயிற்சி நிலையத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்தார். 'மேடே' என்ற ஆபத்துச் சொல் மூன்று முறை, கப்பல் பெயர் மூன்று முறை, மறுபடி ஒரு மேடே, பெயர், உடனே இருக்கும் இடம். அதன் பிறகே என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் என்பதெல்லாம். "ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் ரேடியோ செத்துப்போகும்னு நெனச்சுக்கிட்டுப் பேசுங்கப்பா" என்பார். "அப்ப எது முதல்ல வரணும்னு தானா தெரியும்."

இது வெறும் வகுப்பறைப் பேச்சு இல்லை. ஜி.எம்.டி.எஸ்.எஸ். விதிக்கு உட்பட்ட பெரிய கப்பல்களில் ரேடியோவுக்கென்று தனி பேட்டரியை மேல் தளத்தில் வைத்திருப்பார்கள், கீழே தண்ணீர் ஏறினாலும் பேச்சு நிற்கக்கூடாது என்பதற்காக. மீன்பிடிப் படகில் பேட்டரி பெரும்பாலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான். படகு மிதந்துகொண்டிருக்கும்போதே ரேடியோ ஊமையாகிவிடும்.

அந்த ரேடியோ ஆபீசர் தன் அறையில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார். பழைய கப்பலிலிருந்து வந்தது. முகப்பில் பதினைந்திலிருந்து பதினெட்டு நிமிடம் வரையும், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரையும் சிவப்பாகப் பூசியிருக்கும். மோர்ஸ் காலத்தில் முள் அந்தச் சிவப்புக்குள் நிற்கும்போது 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஆபத்து அலைவரிசையில் யாரும் எதுவும் தட்டக்கூடாது. மணிக்கு இரண்டு தடவை, மூன்று மூன்று நிமிடம், அத்தனை கப்பலும் கையைக் கட்டிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருக்கும். எங்கோ தொலைவில், சாகப்போகிற பேட்டரியில் யாராவது தட்டுகிறார்களா என்று. பம்பாய் ரேடியோ என்ற கரை நிலையம் அந்த மூன்று நிமிடம் அடங்கிக் கிடக்கும் அமைதியை அவர் சொல்லிக் கேட்கவேண்டும், அப்படிச் சொல்வார். இன்றைக்கு 16-ஆம் சேனலில் நடக்கிற அரட்டையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்புப் பட்டைதான் நினைவுக்கு வரும். ஒரு படகில் மைக்கைத் தொங்கவிடும்போது பொத்தான் எங்காவது அழுந்தி நின்றுவிட்டாலே போதும், சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சற்றுப் போகும். அரட்டை அடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைச் சாக்காக வைத்துச் சத்தத்தைக் குறைத்த என் மேல் இன்னும் அதிகமாக.

ஒண்ணா, ஒம்பதா

படகுக்காரர் பொத்தானை விட்டதும் கேட்டேன். "அண்ணே, எங்க இருக்கீங்க? எடத்தை மட்டும் சொல்லுங்க." அவர் சொன்னார்: "பம்பாய்க்கு மேக்க, நாப்பது பாகம் ஆழத்துல கெடக்கோம்."

பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் அளவு, ஏறக்குறைய ஆறடி. அவரைப் பொறுத்தவரை அது துல்லியமான விலாசம். கூடத் தொழில் செய்கிற படகுக்காரரிடம் சொல்லியிருந்தால், எந்தப் பக்கம் தொழில் செய்தார்கள் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்து அவர் வந்து சேர்ந்திருப்பார். என் வரைபடத்தில் நாற்பது பாகம் என்பது வடக்கு தெற்காக நெடுந்தூரம் ஓடுகிற ஒரு கோடு. "ஜி.பி.எஸ். இருக்கா? அதுல உள்ள நம்பரைப் படிங்க" என்றேன். "பதினெட்டு, அம்பத்திரெண்டு" என்றார். வடக்கு கிடைத்துவிட்டது. "எழுபத்தொண்ணு, முப்பத்தொ..." என்பதோடு இரைச்சல் மூடிக்கொண்டது.

முப்பத்தொண்ணா, முப்பத்தொம்பதா? பென்சில் என் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே எட்டு நிமிடத் தீர்க்கரேகை; ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் இந்த நிமிடம். அந்த அட்சரேகையில் அது ஏழரைக் கடல் மைல், ஏறக்குறைய 14 கிலோமீட்டர். விளக்கு அணைந்த மரப்படகை ராத்திரியில் ஏழரை மைல் தள்ளி நின்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. "ஒவ்வொரு நம்பரா சொல்லுங்க அண்ணே" என்றேன். "ஏழு, ஒண்ணு, மூணு, ஒ..." மறுபடி அதே இடத்தில் தேய்ந்தது. இரண்டு எண்ணும் 'ஒ'வில் ஆரம்பிக்கின்றன. தனித்தனியாகப் பிரித்தும் பயனில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலை எப்போதோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நைனும் ஃபைவும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ரேடியோவில் 'நைனர்', 'ஃபைஃப்' என்பார்கள். 'மேடே' என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான். 1920-களில் லண்டனுக்குப் பக்கத்தில் குராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடெரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்டிடம், வாயால் சொல்லும் ஆபத்துச் சொல் ஒன்று வேண்டும் என்றார்கள். எஸ்.ஓ.எஸ். மோர்ஸில் தட்டத்தான் பொருத்தம். பேச்சில் 'எஸ்' என்ற எழுத்து சரியாகக் காதில் விழாது. அங்கிருந்து விமானங்கள் அதிகம் போய்வந்தது பாரிஸுக்கு. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை எடுத்துக்கொண்டார். 1927-இல் வாஷிங்டன் மாநாடு அதைப் பேச்சுக்கான ஆபத்து அழைப்பாக ஏற்றது. எந்த ஒலி இரைச்சலைத் தாண்டும் என்று ஒருவர் கவலைப்பட்டதால் வந்த சொல் அது. நம் மொழியில் கடலுக்குப் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர். அவர்கள் பேசும் எண்களுக்காக அப்படிக் கவலைப்பட்ட ஒருவரை நான் சந்தித்ததில்லை.

அந்த நேரத்தில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். "ஒண்ணா, ஒம்பதா? பத்துக்கு முந்தினதா அண்ணே?"

"பத்துக்கு முந்தினது சாரே. பத்துக்கு முந்..."

அதோடு நின்றது. இரைச்சல் மட்டும் மிச்சம். மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை.

முப்பத்தொன்பது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தேன். எங்களிடமிருந்து சுமார் 14 கடல் மைல். வி.எச்.எஃப். ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகிற அலை. படகின் உயரத்துக்கும் எங்கள் உயரத்துக்கும் அதுதான் கிட்டத்தட்ட எல்லை. கரை அங்கிருந்து 67 மைல், கரையில் யாருக்கும் அவர் குரல் கேட்டிருக்க வழியே இல்லை. கேப்டன் கப்பலைத் திருப்பினார். நான் 16-இல் மேடே ரிலே கொடுத்தேன், அதாவது இன்னொருவருக்காக நாம் கொடுக்கிற அழைப்பு. ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு அதையே தமிழிலும் கொடுத்தேன். சாட்டிலைட் வழியாகக் கடலோரக் காவல்படையின் மும்பை மீட்பு மையத்துக்கும் தகவல் போனது. எத்தனை பேர் என்று அவர்கள் கேட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியாது.

மூன்றே முக்காலுக்கு முன்னால் சுக்கானிதான் முதலில் பார்த்தான். தண்ணீர் மட்டத்தில் ஒரு டார்ச் வெளிச்சம், எரிந்து அணைந்து எரிந்தது. படகின் பின்பக்கம் முழுக்க மூழ்கியிருந்தது. முன்பக்கத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வலை ஏணியில் முதலில் ஏறி வந்த பையனிடம் நான் கேட்டது, "எத்தனை பேரு?" "பதினொண்ணு" என்றான். ஒவ்வொருவராக எண்ணினேன். பதினோராவதாக ஏறியவர்தான் அந்தக் குரல்.

மெஸ்ஸில் கட்டஞ்சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எடத்தைச் சொல்லலேன்னு எனக்கே தெரியல சாரே" என்றார். "நான் கேக்கலண்ணே" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால்தான், 2017 நவம்பர் 30-இல், ஒக்கி புயல் வந்தது. திரும்பிவராத படகுகளில் எத்தனை பேர் மைக்கைப் பிடித்திருப்பார்கள், அவர்களைச் சுற்றிப் பதினைந்து மைலுக்குள் யாருமே இல்லாமல் இருந்திருப்பார்கள், அல்லது யாரோ சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். அந்த மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இந்த நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை.

சாசூன் டாக்கில்

இப்போது படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'செய்தி கிடைத்தது' என்று படகுக்குப் பதிலும் வருகிறது. இருட்டில் காத்திருப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு படகிலும் அது இருக்கவேண்டும். ஆனாலும் முதலில் வந்து சேரக்கூடியவர் பெரும்பாலும் நாலு மைல் தள்ளி வலை போட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு படகுக்காரர். அவரிடம் இருப்பது அதே வி.எச்.எஃப்., அவருக்குத் தெரிந்தது அதே தமிழ். செயற்கைக்கோளுக்குப் போன செய்தி சுற்றி வந்து அவரை எட்டுவதற்குள், நேராகச் சொன்ன நாலு வாக்கியம் எட்டிவிடும்.

அதனால் ஒரு அட்டை எழுதினேன். மேடே மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, நிலை: வடக்கு இத்தனை, கிழக்கு இத்தனை, நீர் புகுந்துவிட்டது அல்லது தீ, உதவி தேவை, இத்தனை பேர், ஓவர். ஓவர் என்றதும் பொத்தானை விடவேண்டும் என்று அடியில் சிவப்பில். செம்பூரில் ஒரு கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டேன். அந்த அண்ணன் அடுத்த சீசனில் வேறொரு போட்டில் சிராங்காக, அதாவது படகை நடத்துபவராக, வந்திருந்தார். ஐஸ் ஏற்ற மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சாசூன் டாக்குக்கு வந்திருப்பதாகப் போன் செய்தார். விடிகாலை ஐந்து மணிக்குப் போனேன். கூடைகளுக்கும் ஐஸ் வண்டிகளுக்கும் நடுவே வழி கண்டுபிடித்துப் போட்டில் ஏறினேன். அட்டையை வாங்கி உதட்டை அசைத்து நிதானமாகப் படித்தார்.

"நீர் புகுந்துவிட்டதுன்னு எழுதியிருக்கீங்க. பயந்து நிக்கும்போ இது வாயில வருமா சாரே? வெள்ளம் கேறுதுன்னு எழுதுங்க." எழுதிக்கொண்டேன். "நிலைன்னு எழுதாண்டாம். கெடக்க எடம்னு எழுதுங்க." அதையும் எழுதினேன். இந்தத் திருத்தத்தை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. ஒரு மனிதன் நடுங்கும்போது அவன் வாய் எதைச் சொல்லுமோ அதுதான் அட்டையில் இருக்கவேண்டும். எண்களுக்கு வந்ததும் நிறுத்தினார். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே ஒரு வரி எழுதினார்.

பிறகு வீல்ஹவுஸில் உட்கார்ந்திருந்த மருமகனைக் கூப்பிட்டார். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன், முதல் தங்கல். "மைக்கைப் பிடி. பொத்தானை அமுக்காத. ஜி.பி.எஸ்.ஸைப் பாத்து சாருக்குச் சொல்லு." பையன் வெட்கப்பட்டான். என்னை டெக்கின் கடைசிக்குப் போகச் சொன்னார் அண்ணன், ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்த பக்கம். போய் நின்றேன். பையனின் வாய் அசைவது தெரிந்தது. மெஷின் சத்தத்துக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. வடக்கு, ஒண்ணு, எட்டு, பத்துக்கு முந்தின...

"என்ன கேட்டுது சாரே?" என்று அண்ணன் அங்கிருந்து கத்தினார்.

ஒன்பது என்று விரல்களை விரித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கச் சொல்லுலே," என்றார் பையனிடம். "முதல்லேருந்து."